இடைவேளைக்குப் பின் வரும் ஜீப்பு

வருசக் கடைசி வந்துவிட்டால் என் மகனுக்கு ஒரு வியாதி பிடித்துக்கொள்ளும். அந்த வருசம் வந்த படங்களில் எது முதல், எது இரண்டாவது என்று கூட்டாளிகளோடு போனில் மல்லுக்கட்டுவான். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு என்னையும் அதில் இழுத்துவிட்டான்.

"அம்மா, இந்த வருசத்துல உனக்குப் பிடிச்ச படம் அஞ்சு சொல்லு."

"நான் எங்கடா படத்துக்குப் போனேன்? வாரம் பூராவும் மலையில காய் எடுத்துட்டு, ஞாயித்துக்கிழமை உங்க அழுக்குத் துணியைத் தொவைக்கவே நேரம் பத்தல."

"பாக்கலைன்னா என்ன? ஜீப்புல கதை கேட்டுட்டு வந்து எங்க உசிரை வாங்குனியே, அதுல சொல்லு."

அதுவும் சரிதான். அந்த வருசம் நான் தியேட்டரில் பார்த்தது ஒரே ஒரு படம். ஆனால் காதால் கேட்டது அஞ்சு. கேட்டதைப் பார்த்ததைவிட நன்றாகவே சொல்லுவேன். பொங்கலுக்கு வந்த வெட்டுக்குத்துப் படத்தில் ஆரம்பித்தேன். இடைவேளை முடிந்ததும் ஒரு ஜீப்பு வருமே, மஞ்சள் துப்பட்டா போட்ட பிள்ளை அதில் உட்கார்ந்து போவாளே, அந்த இடம்தான் எனக்கு உசிர் என்றேன்.

மகன் சோற்றைப் பிசைந்த கையோடு என்னை ஏறிட்டுப் பார்த்தான்.

"அம்மா, அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பாத்திருக்கேன் தெரியுமா? அதுல ஜீப்பும் இல்ல, மஞ்சத் துப்பட்டாவும் இல்ல."

என் கையில் இருந்த கரண்டி நழுவிக் குழம்பு தரையில் கொட்டிவிட்டது. அதற்கும் சத்தம் போட்டான். அவனுக்கு என்ன தெரியும்? அந்தக் கதைகளை எனக்குச் சொன்னவள் ஐப்பசியில் செத்துப்போயிருந்தாள். அவள் செத்த அன்றைக்கு, அவள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள். "அத்தை, எங்கம்மா என்னைப் பத்தி எப்பவாச்சும் பேசுச்சா?" நான் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். தரையில் கொட்டிய குழம்பைத் துடைக்கும்போதுதான், சொன்னது சரிதானா என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

முதலில் இருந்து சொல்கிறேன்.

நாங்கள் போடியிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி, ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்கள். விடியும் முன்னே கிளம்பி, போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துப் பக்கம் போய், பொழுது சாய்வதற்குள் திரும்புவோம். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று சட்டம் இருக்கிறது. எத்தனை பேர் ஏறுகிறோம் என்பது எங்களுக்கும் டிரைவருக்கும் அந்த மலைச்சாமிக்கும்தான் தெரியும். கதை சொன்னவள் பக்கத்து ஊரான சிலமலைக்காரி. எனக்குச் சொந்தமில்லை. பழகின பழக்கத்தில் நான் அவளை மதினி என்பேன், அவளும் என்னை மதினி என்பாள். மற்றவர்களுக்கு அவள் கதைக்காரி. ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போடிக்கு வந்தால், பையை மடியில் வைத்துக்கொண்டே மத்தியான ஆட்டம் பார்த்துவிட்டுத்தான் பஸ்சு ஏறுவாள். திங்கட்கிழமை அந்தப் படம் எங்களுக்கு வந்துவிடும்.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கும் மேலே வளரும். காய் மட்டும் அடியில், மண்ணை ஒட்டிச் சரம் சரமாகக் கிடக்கும். காய் எடுக்கிறவள் குத்துக்காலிட்டுச் செடிக்குள் புகுந்துவிட்டால் பக்கத்துச் செடிக்காரியின் முகம் தெரியாது. குரல் மட்டும் இலைக்குள்ளிருந்து வரும். அவள் காலையில் கதையை எடுப்பாள். முதல் பாதி, கஞ்சி நேரம் வரைக்கும் ஓடும். கஞ்சி நேரம்தான் இடைவேளை. தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டு, காலில் ஏறின அட்டையை உப்பைத் தடவி உதறிவிட்டு, மறுபடி செடிக்குள் நுழைந்தால் இரண்டாம் பாதி. எங்கள் சூப்பர்வைசர் மலையாளி. அவனும் குடையை ஊன்றிக்கொண்டு மரத்தடியில் நின்று கேட்பான். "சேச்சி, பின்னே எந்தாயி?" என்று அவனே அவசரப்படுத்துவான். கதை ஓடுகிற நாளில் எங்கள் கையும் சேர்ந்து ஓடும் என்பது அவனுக்குத் தெரியும்.

போனில் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் ஜீப்பில் வருகிறவர்கள் எல்லாம் என் வயதுக்காரிகள். அந்தச் சின்னக் கண்ணாடியைப் பத்து நிமிசம் பார்த்தால் கண்ணில் தண்ணீர் கொட்டும். அதோடு, அவள் சொல்லுகிற மாதிரி எந்த டைரக்டருக்கும் எடுக்க வராது. இது நான் பின்னால் ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டுச் சொல்கிற தீர்ப்பு.

அவள் சொல்லுகிற படத்தில் எல்லாம் எங்கள் மலை வந்துவிடும். அதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. குரங்கணியிலும் போடிமெட்டிலும் சினிமாக்காரர்கள் குடையும் லைட்டுமாக வந்து இறங்குவதை நாங்களே பார்த்திருக்கிறோம். ஒரு தடவை ஷூட்டிங் என்று எங்கள் ஜீப்பையே வளைவில் மறித்துப்போட்டு அரை நாள் சோலியைக் கெடுத்தார்கள். அதனால் "நம்ம டீக்கடை வளைவுலதான் எடுத்திருக்கான்" என்று அவள் சொன்னால் எங்களுக்கு ஒரே பெருமை. எவளாவது ஒருத்தி டிவியில் பார்த்துவிட்டு வந்து, "நீ சொன்ன ஜீப்பு வரலையேடி" என்று இழுத்தால், "வெளம்பரம் போடணும்னு வெட்டியிருப்பான்" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவாள்.

பொங்கல் படத்தில் அண்ணன் தம்பிக்குள் பகை. ஊரே அரிவாளோடு திரிந்தது. எனக்கு அந்த மாதிரிப் படம் ஆகவே ஆகாது. வீட்டில் பார்க்காத சண்டையா? ஆனால் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்ததும் அவள் குரல் இறங்கியது.

"லைட்டை அணைச்ச உடனே பாரு மதினி, மலை ரோடு. விடிஞ்சும் விடியாத நேரம், ஒரே பனி. டீக்கடை வளைவுல ஒரு ஜீப்பு நிக்கிது. பின் சீட்டுல ஒரு பிள்ளை. மஞ்சத் துப்பட்டா, மடியில பை. கடைக்குப் பின்னால வெறகு அடுக்கியிருக்குல்ல, அந்த மறைவுல ஒரு பொம்பளை நிக்கிறா. கூப்பிட்டா கேக்குற தூரம்தான். கூப்பிடல. ஜீப்பு போயிருது. அந்தப் பிள்ளை திரும்பியே பாக்கல."

"யாரு அது?"

"ஈரோவோட தங்கச்சி. நிக்கிறது அவுக அம்மா."

"அப்புறம் அந்தப் பிள்ளை என்ன ஆச்சு?"

"அதோட அதைக் காட்டல. இந்தா, சண்டை வந்துருச்சு."

சித்திரையில் பேய்ப் படம். பயப்படுவதா சிரிப்பதா என்று பேய்க்கே தெரியாத படம். மலை பங்களாவுக்கு வேலைக்குப் போகிற பிள்ளை ஒருத்தி அதில் வந்தாள். அதே வளைவு, அதே பின் சீட்டு. இந்தப் பிள்ளைக்கு ஜீப்பு நிற்கும்போதே செருப்பு வார் அறுந்துபோனது. குனிந்து அதை மாட்டப் பார்க்கிறாள், மாட்டப் பார்க்கிறாள், ஜீப்பு வளைவு திரும்புகிற வரைக்கும் அவள் தலை நிமிரவே இல்லை. "பேய் எங்கடி?" என்று அந்தப் பக்கச் செடியிலிருந்து ஒருத்தி கத்தினாள். "வரும், இரு" என்றாள் இவள்.

ஆடி மழையில் உரச்சாக்கைத் தலைக்கு மாட்டிக்கொண்டு கேட்டது கோர்ட்டுப் படம். வக்கீல் பேசின பேச்சை அவள் அப்படியே பேசுவாள், நீதிபதிக்கு மூக்கு விடைப்பது வரைக்கும் சொல்லுவாள். அதிலும் இடைவேளைக்குப் பிறகு ஜீப்பு வந்தது. சாட்சி சொல்ல வேண்டிய பிள்ளை அதில் போகிறாள். இந்தத் தடவை குனிந்தவள் நிமிர்ந்தாள். நிமிர்ந்து, திரும்பி, விறகு அடுக்கைப் பார்த்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதை மறைக்க நான் கேலி பேசினேன்.

"என்ன மதினி, எல்லாப் படத்துலயும் ஒரே ஜீப்பா வருது? ஈரோவுக்கு முன்னாடி ஜீப்புக்குத்தான் சம்பளம் குடுத்திருப்பான் போல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். செடிக்குள் இருந்ததால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

புரட்டாசியில் ஒரு சின்னப் படம். கிழவன் கிழவி கதை. தியேட்டரில் விரல் விட்டு எண்ணுகிற கூட்டம்தானாம், நாலு நாளில் தூக்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால் அந்த வருசத்தில் அதுதான் முதல் இடம். அதில் ஜீப்பு வளைவைத் தாண்டி அடுத்த வளைவில் நின்றது. அவர்களுடைய மகள் இறங்கினாள். அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த வழியே நடந்தாள்.

"வந்து சேந்துட்டாளா?" என்றேன்.

"நடக்குறா."

"அம்மா பாத்துச்சா?"

"அதுக்குள்ள கெழவன் இருமுறதைக் காட்டுறான், மதினி."

இலைக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாயா என்றேன். சளி என்றாள்.

தீபாவளிப் படம் பெரிய ஈரோவுடையது. முதல் பாதியில் பாட்டும் சிரிப்புமாகத் தோட்டமே ஆடியது. கஞ்சிக்கு முன்னாலேயே காற்றும் மழையும் பிடித்து, மரக்கிளை ஒன்று பக்கத்தில் முறிந்து விழுந்தது. "பணி மதி, எல்லாரும் வண்டியில் கேறிக்கோ" என்று சூப்பர்வைசர் வேலையை நிறுத்தி எங்களை ஜீப்புக்கு விரட்டினான். ஜீப்பில் அவள் வழக்கம்போலப் பின்னால் ஓரத்தில் உட்கார்ந்தாள். எத்தனை நெரிசலானாலும் அந்த ஓரம் அவளுக்கு வேண்டும். உள்ளே உட்கார்ந்தால் வாந்தி வரும் என்பாள். நான் அவளை விடவில்லை.

"மிச்சத்தைச் சொல்லு மதினி. அந்தப் பிள்ளை வந்து சேந்தாளா இல்லையா, அதை மட்டுமாச்சும் சொல்லு."

"கஞ்சி குடிக்காம ரெண்டாம் பாதி சரியா வராது. மிச்சம் நாளைக்கு."

மறுநாள் அவள் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். போடியில் ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. தேனிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து மூடித்தான் கொண்டுவந்தார்கள்.

அவளுக்கு இரண்டு மகன், ஒரு மகள். மகள் ரொம்ப வருசத்துக்கு முன்னால், மலையாளத்து டிரைவர் ஒருத்தனோடு போய்விட்டாள். அண்ணன்காரன்கள் இரண்டு பேரும் அம்மாவின் கையை எடுத்துத் தங்கள் தலையில் வைத்து, இனிமேல் அவள் பேச்சை எடுக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். பெற்ற பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை எங்கள் பக்கம் எவளும் மீற மாட்டாள், மீறினால் அந்தத் தலைக்கு ஆகாது. போதாததற்கு மூத்த மருமகள் எங்கள் ஜீப்பில்தான் வேலைக்கு வருவாள், பக்கத்துச் செடியில்தான் இருப்பாள். இங்கே ஒரு வார்த்தை பேசினால் பொழுது சாயும் முன் சிலமலைக்குப் போய்விடும். அதனால் அந்தப் பிள்ளையைப் பற்றி நாங்களும் வாய் திறந்ததில்லை.

சாவுக்கு அந்த மகள் வந்தாள். தெருவுக்குள் விடவில்லை. பஸ்சு நிற்கிற இடத்தில், வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். மனசு கேட்காமல் நான் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டதைத்தான் முதலிலேயே சொன்னேன். நான் இல்லை என்றதும், "சரி அத்தை" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பஸ்சில் ஏறிப் போய்விட்டாள். அந்த "சரி" எத்தனையோ நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

அதற்குப் பிறகு மதினியின் வரிசைச் செடிக்குள் போக யாருக்கும் மனசு வரவில்லை. கஞ்சி குடித்துவிட்டுச் செடிக்குள் நுழைந்தால், தோட்டம் அப்படியே அடங்கிவிடும். காய் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். ஒரு நாள், "அப்புறம் பாரு மதினி" என்று பக்கத்திலிருந்து தெளிவாகக் கேட்டது. இலையை விலக்கிப் பார்த்தேன். ஈரத்தில் ஒரு செடி ஆடிக்கொண்டிருந்தது, ஆள் இல்லை. நான் பேய்க்குப் பயப்படுகிற ஆள் கிடையாது. "வந்ததுதான் வந்த, மிச்சக் கதையைச் சொல்லிட்டுப் போடி" என்று வாய்விட்டே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மற்றவர்களுக்கும் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். கேட்டதை ஒப்புக்கொள்ள எவளுக்கும் தைரியம் இல்லை.

"நீ போயி அந்தத் தீபாவளிப் படத்தைப் பாத்துட்டு வந்து சொல்லு" என்று என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். போனேன். தியேட்டர் வாசலை மிதித்து எத்தனை வருசமாயிற்று என்றே நினைவில்லை. முதல் பாதி முழுக்க எனக்குத் தெரிந்த படம்தான். திரையில் யார் யாரோ வாயை அசைக்கிறார்கள், எனக்குக் கேட்பது அவள் குரல். இடைவேளை முடிந்து விளக்கை அணைத்தார்கள். நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை நடந்து வந்து சேர்ந்தாளா என்று இப்போது தெரிந்துவிடும். திரையில் ஈரோ ஏதோ ஒரு வெளிநாட்டில் கோட்டு மாட்டிக்கொண்டு பாட்டுப் பாடினான். ஜீப்பு வரவில்லை. படம் முடிகிற வரைக்கும் வரவே இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நேரே டிக்கெட்டுக் கவுண்டருக்குப் போனேன்.

"தம்பி, ஜீப்பு வர்ற எடத்தை எதுக்கு வெட்டுனீங்க?"

"எந்த ஜீப்புக்கா?"

"எங்க டீக்கடை வளைவுல எடுத்தது. கடைசி பஸ்சுக்கு ஆளை விடணும்னு வெட்டிட்டீங்கள்ல? அந்தக் காலத்துல பாட்டைத்தான் வெட்டுவீங்க. இப்பக் கதையவே வெட்டுறீங்களா?"

"யக்கா, இப்பப் படப்பெட்டியே கெடையாது. எல்லாம் கம்ப்யூட்டர்ல வருது. நாங்களே நெனச்சாலும் வெட்ட முடியாது."

"சூடத்தை அணைச்சுச் சொல்லு பாப்போம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவனைப் பொய்யன் என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மகன் தட்டின் முன்னால் உட்கார்ந்து அந்த வார்த்தையைச் சொல்லுகிற வரைக்கும் அவனைப் பொய்யன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

குழம்பைத் துடைத்துவிட்டு, மகனைக் கொண்டு மற்ற படங்களையும் டிவியில் போட வைத்தேன். அன்றைக்கு ஒன்று, அடுத்தடுத்த ஞாயிறுகளில் மிச்சம். வெட்டுக்குத்தில் ஈரோவுக்குத் தங்கச்சியே இல்லை. பேய்ப் படத்தில் பங்களா இருந்தது, வேலைக்காரப் பிள்ளை இல்லை. கோர்ட்டில் அவள் சொன்ன மாதிரியே நீதிபதிக்கு மூக்கு விடைத்தது, சாட்சி மட்டும் ஒரு வாத்தியார். கிழவன் கிழவி படத்துக்கு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். இடைவேளைக்குப் பிறகு கிழவன் இருமினான். அவர்களுக்குப் பிள்ளையே இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அடிப்பாவி, வருசம் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து, மருமகள் காதில் விழும்படியே, எங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். சத்தியமும் கெடவில்லை. மகன்கள் தலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான்தான் அதை வெறும் சினிமா என்று கேட்டுவிட்டு, அவள் பெற்ற பிள்ளையிடம் உன்னைப் பற்றி ஒன்றும் பேசவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் மெட்டைத் தாண்டினதும் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்த மகள் இருக்கிற லயம், தோட்டத்து வரிசை வீடு, ரோட்டுக்கு மேலேதான். என்னைப் பார்த்ததும் பதறிப்போய், "என்ன அத்தை, என்ன ஆச்சு?" என்றாள். உட்காரச் சொல்லி, "சாயா குடிங்க" என்று டம்ளரை நீட்டினாள். பேச்சில் மலையாளம் ஏறியிருந்தது, முகம் அப்படியே அம்மா.

"ஆத்தா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. உங்கம்மா உன்னைப் பத்தி வருசம் பூராப் பேசியிருக்கா. எனக்குத்தான் வெளங்கல."

அஞ்சு படம் என்று ஆரம்பித்து வரிசையாகச் சொன்னேன். வெட்டுக்குத்தில் விறகு அடுக்கு வந்ததும் அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். பேய்ப் படத்தில் செருப்பு வார் அறுந்ததைச் சொன்னதும் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அத்தை, செருப்பு அறுந்தது யாருக்கும் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. அவரு மெட்டுல நின்னாரு. டீக்கடையில ஜீப்பு நின்னப்ப அறுந்துச்சு. வெறுங்காலோட எப்படிப் போய் நிப்பேன்னு அழுதுக்கிட்டு அதையே பாத்துட்டு இருந்தேன்."

என் மணிக்கட்டை விடாமலே கேட்டாள்.

"அப்ப அம்மா அங்க நின்னுச்சா?"

"நின்னுருக்கா ஆத்தா. உனக்கு முந்தின ஜீப்புல ஏறி வந்திருப்பா."

"கூப்பிடலையே?"

"கூப்பிட்டா நீ எறங்கியிருப்ப."

டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, அவள் அந்த நாளைச் சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம் வீட்டை விட்டு வந்து, போடியில் கூட்டாளி வீட்டில் தங்கி, விடியக்காலம் ஜீப்பேறினாளாம். அண்ணன்கள் ராத்திரி முழுக்கத் தேனிப் பக்கம் தேடினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாளாம். அவர்கள் ஏன் மலைப் பக்கம் தேட வரவில்லை என்று இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை என்றாள். எனக்கு அது தெரியும். தேனி பஸ்சில் மகள் ஏறினதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லி மகன்களை அந்தப் பக்கம் அனுப்பினது மாமியார்தான் என்று மூத்த மருமகள் எப்போதோ ஒரு தடவை சொல்லியிருந்தாள். அதைச் சொன்னேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையைச் சொல்ல எனக்கு வராது.

அழுது முடித்துவிட்டு, "அப்புறம்?" என்றாள். கேட்ட விதம் எங்கள் தோட்டத்துக்காரிகள் கேட்கிற மாதிரியே இருந்தது.

"கோர்ட்டுப் படத்துல நீ திரும்பிப் பாத்த."

"நான் திரும்பிப் பாக்கலையே அத்தை."

"அடுத்ததுல எறங்கி நடந்து வந்த."

"எறங்கலையே."

"தெரியும் தாயி."

"அஞ்சாவதுல?"

பொய் சொல்லியிருக்கலாம். ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தாய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு எழவில்லை.

"தெரியல ஆத்தா. கஞ்சிக்கு முன்னாடியே மழை வந்துருச்சு."

சாயங்காலம் எங்கள் ஜீப்பு திரும்பி வந்தபோது, அவளும் என்னோடு ரோட்டுக்கு இறங்கி வந்தாள். டீக்கடை வளைவு வரைக்கும் வருகிறேன், மேலே வருகிற பஸ்சில் திரும்பிவிடுகிறேன் என்றாள். ஏறினோம். உள்ளே பேச்சு அப்படியே நின்றுபோனது. மூத்த மருமகள் தன் தூக்குவாளியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஓரத்து இடம் காலியாக இருந்தது. மதினி போனதிலிருந்து அதில் யாரும் உட்காருவதில்லை. வேறு இடம் இல்லாததால் அன்றைக்கு நான் அதில் உட்கார்ந்தேன்.

வளைவில் மகள் இறங்கினாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் டீக்கடைக்குப் பின்னால் போய், விறகு அடுக்கின் மறைவில் நின்று ஜீப்பைப் பார்த்தாள்.

"அங்கதான் அந்தப் பொம்பளை நின்னா" என்றேன். யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாப் படத்தையும் எல்லோரும் கேட்டிருந்தார்கள். நெரிசலில் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜீப்பு நகர்ந்தது. அந்த ஓரத்திலிருந்து பார்த்தால் கடையின் பின்பக்கம், விறகு, அதன் பக்கத்தில் நிற்கிறவள், எல்லாம் வளைவு திரும்புகிற வரைக்கும் தெரிகிறது. மற்ற எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் தெரியாது. வாந்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மகள் உட்கார்ந்து போன இடத்தில் உட்கார்ந்து, மகள் திரும்பிப் பார்க்காததை எத்தனை வருசமாக மதினி தினமும் திரும்பிப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள்.

தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த மருமகள் தலையைத் தூக்கினாள்.

"டிரைவரண்ணே, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றாள்.